பிரேக்குக்கு மரியாதை: கிரான் டூரிஸ்மோ பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் டயர் பிடிமானம் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, “இதைப் புத்தகத்தில் படிப்பதைவிட, சோனியின் பழைய வீடியோ கேம் பெட்டியான பிளேஸ்டேஷனில் கிரான் டூரிஸ்மோ என்ற கார் பந்தய விளையாட்டைப் போட்டு ஒரு மாலை ஓட்டிப் பார்த்தால் சீக்கிரம் புரியும்” என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையை நிறைத்துவிட்டன. என்ஜின் ஆயில், பேட்டரி, மைலேஜ் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும். இந்த மாதம் முழுக்க அந்த விளையாட்டுக்கே.

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர் நீங்கள். நீங்களே வீடியோ கேமைச் சிபாரிசு செய்தால், என் மகனிடம் நான் எப்படி ‘வேண்டாம்’ என்று சொல்வது? அப்படி என்னதான் இருக்கிறது அதில்?
— வாசகர், ஈரோடு

வேண்டாம் என்று சொல்லாதீர்கள். எத்தனை மணி நேரம் என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள்.

அந்தக் காலத்துக் கார் பந்தய விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றில் பிரேக் பட்டன் பெயருக்குத்தான் இருந்தது. ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்தபடி வளைவுக்குள் நுழைந்தால், கார் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே அழகாக வெளியே வந்துவிடும். 1997 டிசம்பர் 23 அன்று ஜப்பானில் வெளியான கிரான் டூரிஸ்மோவில் அதே வேலையைச் செய்து பாருங்கள். கார் வளையாது, நேராகப் போய்ப் பாதையை விட்டு இறங்கிவிடும். இறங்கியதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் உங்கள் மகனின் இயற்பியல் புத்தகத்திலும் இருக்கும்.

வகுப்பில் நான் மாணவர்களுக்குச் சொல்லி வந்தது இதுதான்: டயருக்கு மாதச் சம்பளம் ஒன்றே ஒன்றுதான், அதன் பெயர் பிடிமானம். பிரேக்குக்கும் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும், திருப்பத்துக்கும் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். முழுச் சம்பளத்தையும் பிரேக்கில் செலவழித்துவிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பினால், திருப்புவதற்கு டயரிடம் ஒன்றும் மிச்சம் இருக்காது. இன்னொன்று, வளைவில் காரைத் திருப்பத் தேவைப்படும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் 10 சதவீதம் கூடினால் தேவைப்படும் பிடிமானம் 21 சதவீதம் கூடும். இதைக் கரும்பலகையில் எழுதினால் மாணவன் தலையாட்டுவான், தேர்வில் எழுதுவான், மறந்துவிடுவான். மணிக்கு 100 கிலோமீட்டரில் நல்லபடியாக எடுத்த வளைவை 110 இல் எடுக்கப் பார்த்து, கார் வெளிப்பக்கச் சுவரை நோக்கி நழுவுவதைத் தன் கையால் தடுக்க முடியாமல் ஒருமுறை பார்த்துவிட்டான் என்றால், அந்த 21 சதவீதம் அவனுக்கு ஆயுளுக்கும் மறக்காது.

பிரேக்கை மதிக்கச் சொன்ன விளையாட்டு அது. அதனால்தான் அதன்மேல் எனக்கு இவ்வளவு பிரியம். உலகமும் அதை ஒதுக்கிவிடவில்லை. ஒரு கோடியே 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்று, முதல் பிளேஸ்டேஷனுக்கு வந்த விளையாட்டுகளிலேயே அதிகம் விற்றது என்ற பெயரை எடுத்தது.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு உறவினர் வீட்டுப் பழைய பெட்டியைத் தூசி தட்டி எடுத்தோம். என் தம்பி லைசென்ஸ் தேர்வோடு சலித்துப்போய் எழுந்துவிட்டான். நேராகப் பந்தயத்துக்குப் போக வழியில்லையா?
— கல்லூரி மாணவி, சேலம்

இருக்கிறது. தொடக்கப் பக்கத்தில் ‘ஆர்கேட்’ பிரிவைத் தேர்ந்தெடுத்தால் லைசென்ஸ் எதுவும் வேண்டாம்; கார், பாதை இரண்டையும் தேர்ந்தெடுத்து ஓட்டலாம். ஆனால், அம்மா, அந்த விளையாட்டின் உயிர் ‘சிமுலேஷன்’ பிரிவில் இருக்கிறது. தம்பியைத் திரும்ப உட்கார வையுங்கள்.

லைசென்ஸ் மூன்று படிகள்: பி, ஏ, சர்வதேச ஏ. ஒவ்வொன்றிலும் எட்டுத் தேர்வுகள். நேரத்தைப் பொறுத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் கிடைக்கும். முதல் தேர்வைப் பாருங்கள். நேர்சாலை. காரைக் கிளப்ப வேண்டும், வேகமெடுக்க வேண்டும், குறித்த கட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். எதிரே யாரும் இல்லை, வளைவு இல்லை. பந்தய விளையாட்டு வாங்கியவனை உட்கார வைத்து முதல் பாடமாக ‘நிற்கக் கற்றுக்கொள்’ என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும் என்பது இந்தத் தேர்வில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. சீக்கிரம் பிரேக் பிடித்தால் நேரம் போய்விடும். தாமதித்தால் கட்டத்தைத் தாண்டிவிடும்.

அடுத்து வருபவை ஒற்றை வளைவுத் தேர்வுகள். தம்பி சலித்துப்போன இடம் அதுவாகத்தான் இருக்கும். அவனிடம் இப்படிச் சொல்லுங்கள். பாதையின் வெளி ஓரத்திலிருந்து வளைவை நெருங்க வேண்டும். கார் நேராக ஓடும்போதே பிரேக்கை முழுக்க அழுத்தி முடித்துவிட வேண்டும். பிரேக் பிடித்ததும் காரின் எடை முன்சக்கரங்கள் மேல் சாயும். திரையில் காரின் மூக்கு லேசாகத் தாழ்வதைப் பார்க்கலாம். அப்போது முன்டயர்களுக்குப் பிடிமானம் கூடியிருக்கும். பிரேக்கிலிருந்து விரலை எடுத்தபடி அந்தக் கணத்தில் திருப்ப வேண்டும். உள் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு போகும்போது எந்தப் பட்டனையும் அழுத்தக் கூடாது. இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். மூக்கு வெளியேறும் திசையைப் பார்த்த பிறகுதான் ஆக்சிலரேட்டர். அரை நொடி பொறுத்தவன் அடுத்த நேர்பாதை முழுக்க அந்த அரை நொடியை வட்டியோடு வாங்கிக்கொள்வான்.

தங்கம் வரவில்லை என்று அவன் வருத்தப்பட வேண்டாம். வெண்கலமே போதும், லைசென்ஸ் கிடைத்துவிடும். தங்கத்தை ஒரு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளட்டும்.

கையில் 10,000 கிரெடிட் கொடுத்துக் கார் வாங்கு என்கிறது. புதுக் கார் எல்லாம் எட்டாத விலை. எதை வாங்குவது?
— பள்ளி மாணவர், காரைக்குடி

தம்பி, புதுக்கார் ஷோரூம் பக்கமே போகாதே. ஜப்பான் நிறுவனங்களின் பக்கத்தில் பழைய கார் விற்கும் இடம் ஒன்று இருக்கும். அங்கே போ. அங்குள்ள கார்கள் மாறிக்கொண்டே இருக்கும், பிடித்தது இல்லையென்றால் பிறகு வந்து பார்.

குதிரைத்திறனை மட்டும் பார்த்து வாங்காதே. எடையையும் பார். எடை குறைந்த கார் சீக்கிரம் நிற்கும், சீக்கிரம் திரும்பும், டயரையும் பாடாய்ப் படுத்தாது. முதல் காராக முன்சக்கர இயக்கமுள்ள ஒரு சிறிய ஹோண்டா நல்ல தேர்வு. வேகமாக நுழைந்துவிட்டால் மூக்கு வெளிப்பக்கம் ஓடும். ஆக்சிலரேட்டரைத் தளர்த்தினால் திரும்ப உள்ளே வரும். பயப்பட ஒன்றும் இல்லை. கொஞ்சம் பழகிய பிறகு பின்சக்கர இயக்கத்துக்கு வா. அதில் ஆக்சிலரேட்டரை முரட்டுத்தனமாக அழுத்தினால் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். மஸ்தாவின் சின்ன இரண்டு இருக்கைக் கார் பட்டியலில் தென்பட்டால் யோசிக்காமல் வாங்கு. எடையைப் பற்றி அதைவிட நன்றாகச் சொல்லித்தரும் ஆசிரியர் அந்த வட்டில் கிடையாது.

‘சண்டே கப்’ பந்தயத்தில் வருகிற பரிசுப் பணத்தை அப்படியே என்ஜின் வலுவைக் கூட்டும் டர்போவில் கொட்டாதே. முதலில் நல்ல டயர், அடுத்து எடைக் குறைப்பு, பிறகு சஸ்பென்ஷன். மஃப்ளரும் கம்ப்யூட்டர் சிப்பும் விலை குறைவு, அவற்றைப் போட்டுக்கொள். டர்போ கடைசி. முழுதாக மாற்றியமைக்கும் கியர் பாக்ஸ் வாங்கும் நிலைக்கு வந்துவிட்டால் கடைசி கியர் விகிதத்தை நீயே மாற்றிப் பார்: ஒரு பக்கம் தள்ளினால் இழுவை கூடும், மறு பக்கம் தள்ளினால் உச்ச வேகம் கூடும். இரண்டும் சேர்ந்து கூடாது. நான் நடத்திய கியர் பாடத்தின் சாரம் அந்த ஒரு திரையில் இருக்கிறது.

இந்த விளையாட்டை உருவாக்கியவர் யார்?
— வாசகி, கும்பகோணம்

கசுனோரி யமாவுச்சி. 1967 இல் பிறந்தவர், கார் என்றால் உயிர். இந்த விளையாட்டு தயாராக ஐந்து வருடம் ஆனது. இடையில் ‘மோட்டார் டூன் கிரான் பிரி’ என்ற கார்ட்டூன் பாணி கார் விளையாட்டையும் அதே குழு வெளியிட்டது. கிரான் டூரிஸ்மோவைச் செய்தவர்கள் 15 பேரைத் தாண்டாத சிறு குழு. அந்த வருடங்களில் அலுவலகத்திலேயே தூங்கி அலுவலகத்திலேயே எழுந்ததாகவும், வருடத்தில் நான்கு நாள்தான் வீட்டில் இருந்திருப்பார் என்றும் யமாவுச்சியே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். குடும்பஸ்தர்கள் பின்பற்ற வேண்டிய முறை என்று இதை நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிடிவாதம் திரையில் தெரிகிறது.

அவரைப் பற்றி எனக்குப் பிடித்த செய்திகள் இரண்டு. நிஸான் நிறுவனம் 2007 இல் ஜி.டி-ஆர் காரை வெளியிட்டபோது, வண்டியின் நடுவில் எண்ணெய் வெப்பம், டர்போ அழுத்தம், ஜி விசை எல்லாவற்றையும் காட்டும் திரையை வடிவமைக்கும் வேலையை யமாவுச்சியின் பாலிஃபோனி டிஜிட்டல் நிறுவனத்திடம்தான் கொடுத்தது. கார் நிறுவனத்திடமிருந்து விளையாட்டு கற்றுக்கொண்டது போய், விளையாட்டுக்காரர்களிடம் கார் நிறுவனம் போய் நின்றது. இரண்டாவது, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தில் யமாவுச்சி தானே போட்டியாளராகக் கார் ஓட்டினார்.

ஸ்கைலைன், சுப்ரா, ஆர்.எக்ஸ்-7 என்று எந்த ஜப்பான் காரைப் பார்த்தாலும் 280 குதிரைத்திறனை ஒட்டியே நிற்கிறது. விளையாட்டில் தவறா?
— மெக்கானிக், திருப்பூர்

கூர்மையான கண் உங்களுக்கு. தவறு இல்லை, அது அன்றைய ஜப்பானின் நிஜம். சாலை விபத்துகள் பெருகிய காலத்தில், ஜப்பானியக் கார் நிறுவனங்கள் தங்களுக்குள் ஒரு உடன்பாட்டுக்கு வந்தன: உள்நாட்டில் விற்கும் எந்தக் காருக்கும் 280க்கு மேல் குதிரைத்திறன் அறிவிப்பதில்லை. சட்டம் எதுவும் இல்லை, வாய்மொழிதான். 1980களின் கடைசியிலிருந்து 2004 வரை அது நடைமுறையில் இருந்தது. அறிவித்த எண் 280 என்றாலும் சில என்ஜின்கள் அதற்கு மேல் தரக்கூடியவை என்பது உங்களைப் போன்றவர்களுக்குத் தெரிந்த கதைதான். விளையாட்டில் அதே ஸ்கைலைனுக்கு டர்போ மாற்றி, இன்டர்கூலர் போட்டு எங்கே கொண்டுபோய் நிறுத்த முடிகிறது என்று பாருங்கள். அந்த என்ஜினை வடிவமைத்தவர்கள் எவ்வளவு வலுவை உள்ளே ஒளித்து வைத்திருந்தார்கள் என்பது புரியும்.

ஃபெராரி, போர்ஷே இல்லாத கார் பந்தயமா?
— வாசகர், தூத்துக்குடி

முதல் பாகத்தில் இரண்டும் இல்லை. ஆறு ஜப்பான் நிறுவனங்கள், அமெரிக்காவின் ஷெவர்லே, டாட்ஜ், பிரிட்டனின் ஆஸ்டன் மார்ட்டின், டி.வி.ஆர், அவ்வளவே. மொத்தம் 140 கார்கள். ஃபெராரி 2007 வாக்கில்தான் இந்தத் தொடருக்கு வந்தது. போர்ஷேயின் உரிமம் நீண்ட காலம் வேறொரு விளையாட்டு நிறுவனத்திடம் முடங்கிக் கிடந்ததால், 2017 இல் வந்த பாகம் வரை பொறுக்க வேண்டியிருந்தது.

எனக்கு அதில் குறையே இல்லை. வீதியில் பார்க்கக்கூடிய சாதாரண நான்கு கதவுக் காரையும் பந்தயக் காரையும் ஒரே மரியாதையோடு வைத்த விளையாட்டு அது. சாதாரணக் காரில் தொடங்கி, அதையே கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி எடுத்துக்கொண்டு போய் ஜெயிக்கிற சுகம், முதல் நாளே ஃபெராரி சாவியைக் கையில் கொடுத்தால் கிடைக்காது.

ரிட்ஜ் ரேசர்தான் பிளேஸ்டேஷனின் உண்மையான ராஜா. ஒப்புக்கொள்வீர்களா?
— வாசகர், மதுரை

ராஜா பட்டம் தர மாட்டேன், ஆனால் முன்னோடி என்று கைகூப்புவேன். 1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானில் பிளேஸ்டேஷன் விற்பனைக்கு வந்த அன்றே வந்த, நாம்கோ நிறுவனத்தின் கார் பந்தய விளையாட்டு அது. அதில் ஒரு அதிசயம் உண்டு: முழு விளையாட்டும் பெட்டியின் 2 மெகாபைட் நினைவகத்துக்குள் ஏறிவிடும். பிறகு வட்டை வெளியே எடுத்துவிட்டு, உங்களுக்குப் பிடித்த பாட்டு சிடியைப் போட்டு அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டலாம். அந்தச் சிக்கனத்தை எந்தப் பொறியாளரும் ரசிப்பார். ஆனால் அங்கே வளைவு என்பது சறுக்கி விளையாடும் இடம். ரசனை வேறு, பாடம் வேறு. எனக்குப் பாடம் வேண்டும்.

கார்கள் அழகாக இருக்கின்றன. ஆனால் கிட்டே போகும்போது சாலைக் கோடுகளும் சுவர்களும் நெளிகின்றனவே, வட்டு பழுதா?
— வாசகி, வேலூர்

வட்டு நன்றாக இருக்கிறது. அந்தப் பெட்டியின் பிறவிக் குணம் அது. முதல் பிளேஸ்டேஷனின் செயலியின் வேகம் 33.87 மெகாஹெர்ட்ஸ். தசமப் புள்ளிக் கணக்குக்குத் தனிப் பிரிவு அதில் கிடையாது. ஒரு படத்தைச் சாய்வான தளத்தின் மேல் ஒட்டும்போது, தூரத்தில் இருக்கும் பகுதி சுருங்கித் தெரிய வேண்டும் என்ற கணக்கை அது போடாது. மேலோட்டமாக இழுத்து ஒட்டிவிடும். அதனால் கண்ணுக்கு அருகில் வரும் பெரிய தளங்களில் கோடுகள் வளைந்து நெளியும். தளங்களைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி அந்த நெளிவைக் குறைப்பதுதான் அன்றைய நிரலாளர்கள் கையாண்ட வழி.

இந்த வரம்புக்குள் ஆறு கார்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன, ஒவ்வொன்றின் எடையும் முன்னும் பின்னும் சாய்கிறது, உங்கள் காரின் கூரைமேல் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போகிறது. பந்தயம் முடிந்ததும் ‘ரீப்ளே’ பாருங்கள். தொலைக்காட்சி நேரலை போல ஓரத்துக் கேமராக்கள் மாறி மாறிக் காட்டும். வளைவில் உங்கள் கார் எவ்வளவு சாய்ந்தது, எந்தச் சக்கரம் பாரத்தைத் தாங்கியது என்பதை அதில்தான் நிதானமாகப் பார்க்க முடியும். நான் பந்தயத்தைவிட ரீப்ளேயை அதிகம் பார்ப்பவன்.

லாரி ஓட்டிப் பிழைப்பவன் நான். என் மகன் இந்த விளையாட்டை ஆடிவிட்டு, “எனக்கு டிரைவிங் தெரியும்ப்பா” என்கிறான். தெரியுமா?
— லாரி ஓட்டுநர், நாமக்கல்

ஐயா, அவனுக்குத் தெரிந்திருப்பது ஒரு பகுதி. அதைச் சிறுமைப்படுத்த மாட்டேன். நிஸானும் சோனியும் சேர்ந்து 2008 இல் ‘ஜி.டி. அகாடமி’ என்று ஒரு போட்டி தொடங்கின. விளையாட்டில் வேகமாக ஓட்டியவர்களைத் தேர்ந்தெடுத்து நிஜப் பந்தயக் காரில் உட்கார வைத்தார்கள். முதல் வெற்றியாளரான ஸ்பெயினின் லூகாஸ் ஓர்தோனெஸ் 2011 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் இரண்டாவதாக வந்தார். 2011 இல் அகாடமியில் வென்ற பிரிட்டன் இளைஞர் ஜான் மார்டன்பரோ, 2013 இல் அதே லெ மானில் தன் பிரிவில் மூன்றாமிடத்தில் நின்றார். திரையில் கற்ற பிரேக் புள்ளியும் வளைவுக் கோடும் நிஜப் பாதையிலும் செல்லுபடியானதற்கு இவர்களே சாட்சி.

ஆனால் அவர்கள் யாரும் சோபாவிலிருந்து எழுந்து நேராகப் பந்தயத்துக்குப் போகவில்லை. நிஜக் காரில் முறையான பயிற்சி கொடுத்த பிறகுதான் அனுப்பினார்கள். அப்படியும், 2015 மார்ச்சில் நூர்பர்க்ரிங்கில் மார்டன்பரோவின் கார் மேட்டில் காற்றில் எழும்பி வேலியைத் தாண்டி விழுந்ததில் பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். திரையில் சுவரில் மோதினால் கார் திரும்பி ஓடும். இதை மகனிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

அந்த விளையாட்டில் எதிர்த்திசையில் வண்டி வராது. குறுக்கே ஆடு ஓடாது. மழைச் சேற்றில் நிற்கிற டூ வீலர்காரர் கிடையாது. பாரம் ஏற்றிய வண்டியை இறக்கத்தில் எந்த கியரில் பிடிப்பது, பிரேக் சூடாகி வாசனை வந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் உங்கள் கைக்குத்தான் தெரியும். அவன் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கப் பழகியிருக்கிறான் என்றால் நல்ல மாணவன் உங்களுக்குக் கிடைத்திருக்கிறான். மிச்சத்தை நீங்கள் சொல்லிக்கொடுங்கள். உரிய வயதும் லைசென்ஸும் வரும்வரை சாவியை மட்டும் கொடுக்காதீர்கள்.

எதிராளியின் கார்மேல் சாய்ந்துகொண்டு வளைவைத் திரும்பினால் பிரேக்கே வேண்டாம், ஜெயித்துவிடலாம். இந்த உத்தியை ஏன் எழுதவில்லை?
— கல்லூரி மாணவர், கோவை

எழுத மாட்டேன். காருக்குச் சேதமே ஆகாது என்பது அந்த விளையாட்டின் பெரிய குறை. எல்லாவற்றையும் அவ்வளவு கவனமாகச் செய்தவர்கள் இதை விட்டது எனக்கு இன்றும் மனத்தாங்கல்தான். குறையைப் பயன்படுத்தி ஜெயித்தால் கோப்பை கிடைக்கும், கை பழகாது. சர்வதேச ஏ லைசென்ஸ் தேர்வில் சாய்ந்துகொள்ள உங்களுக்கு இன்னொரு கார் இருக்காது, தம்பி.

ஜப்பானிலிருந்து நண்பர் கொண்டுவந்த பழைய பிளேஸ்டேஷனை எங்கள் பழைய டிவியில் இணைத்தோம். படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது. சில சமயம் விளையாட்டு பாதியில் நிற்கிறது. சரிசெய்ய முடியுமா?
— வாசகர், திருநெல்வேலி

இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள். ஜப்பான் பெட்டி தருவது என்.டி.எஸ்.சி. சிக்னல். நம் ஊரில் இருந்தது பால் (PAL) என்ற வேறொரு சிக்னல் முறை. PAL முறை மட்டும் தெரிந்த பழைய டிவி படத்தைக் காட்டும், நிறத்தைப் பிரிக்கத் தெரியாது. இரண்டு முறைகளையும் ஏற்கிற டிவியில் இணைத்தால் நிறம் வந்துவிடும். பிராந்தியப் பூட்டும் உண்டு: ஜப்பான் பெட்டிக்கு ஜப்பான் வட்டு, ஐரோப்பியப் பெட்டிக்கு ஐரோப்பிய வட்டு. வட்டு வாங்கும்போது இதைப் பார்த்து வாங்குங்கள்.

பாதியில் நிற்பதற்கு வட்டைப் படிக்கும் லேசர் பகுதியைச் சந்தேகப்படுங்கள். முதலில் வந்த பெட்டிகளில் அந்தப் பகுதி பிளாஸ்டிக் தண்டவாளத்தின் மேல் நகரும். பக்கத்திலேயே மின்பகுதி சூடாகும். நாளாக நாளாக பிளாஸ்டிக் தேய்ந்து, லேசர் லேசாகச் சாய்ந்துவிடும். அந்தக் காலத்தில் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஓட்டியவர்கள் உலகெங்கும் உண்டு. எடை மறுபக்கம் விழுவதால் லேசர் தற்காலிகமாக நேராகும். தற்காலிகம்தான். லென்ஸை மென்மையாகத் துடைத்துப் பாருங்கள், சரியாகவில்லை என்றால் லேசர் பகுதியையே மாற்ற வேண்டும். பெட்டியைத் திறப்பதற்கு முன் மின்இணைப்பைப் பிடுங்க மறக்காதீர்கள்.

வீட்டில் பிளேஸ்டேஷன் 3 இருந்தால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம். பிராந்தியம் பொருந்தினால் பழைய வட்டு அதில் ஓடும்.

வட்டைச் சுரண்டினால் டயர் வாசனை வரும் என்கிறார்களே, உண்மையா?
— பள்ளி மாணவி, புதுச்சேரி

அது 1999 டிசம்பரில் வந்த இரண்டாம் பாகம், கண்ணு. சில நாடுகளில் விற்ற பிரதிகளில் அப்படி ஒரு வட்டு இருந்தது. எழுத்து அச்சிட்ட மேல்பக்கத்தைத்தான் தொட வேண்டும், பளபளக்கும் அடிப்பக்கத்தைச் சுரண்டிவிடாதே.

ஜப்பான் பதிப்பில் தொடக்கத்தில் வரும் இசை யாருடையது?
— வாசகர், தஞ்சாவூர்

டி-ஸ்கொயர் குழுவின் கிடார் கலைஞர் மசாஹிரோ ஆண்டோ. ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஃபார்முலா ஒன் ஒளிபரப்புக்கு வந்த புகழ்பெற்ற முகப்பு இசையும் அவருடையதே. மேல்நாட்டுப் பதிப்புகளில் இதை எடுத்துவிட்டு வேறு பாட்டு வைத்தார்கள். ஜப்பான் பதிப்பைக் கேட்டவர்களுக்கு அந்த மாற்றம் ஒப்பாது, எனக்கும் ஒப்பவில்லை.

எல்லாக் கோப்பையும் முடித்துவிட்டேன். கிராண்ட் வேலி 300 கிலோமீட்டர் பந்தயம் மட்டும் பாக்கி. 60 சுற்று. பாதியில் கைவிட்டுவிடுகிறேன். யோசனை சொல்லுங்கள்.
— வங்கி ஊழியர், திருச்சி

இவ்வளவு தூரம் வந்தவர் இதை விட்டுவிடக் கூடாது. ஏறக்குறைய இரண்டு மணி நேர வேலை. நடுவில் சேமிக்க முடியாது, ஆனால் நிறுத்தி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகலாம். மின்தடை அறிவித்த நாளில் உட்காராதீர்கள்.

இந்தப் பந்தயத்தில் டயர் தேயும். வேகச் சுற்று ஓட்டுவது போல ஒவ்வொரு வளைவிலும் கடைசி நொடி வரை பொறுத்துப் பிரேக் பிடித்தால், சில சுற்றுகளிலேயே முன்டயர் போய்விடும். வழக்கமாகப் பிரேக் பிடிக்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்பே பிடியுங்கள். சுற்றுக்கு அரை நொடி போகும், ஆனால் டயர் மாற்றும் இடமான பிட்டுக்குள் ஒரு முறை குறைவாகப் போகலாம். அதில் மிச்சமாகும் நேரம் அதிகம். மிகவும் மென்மையான டயரைத் தவிர்த்துவிடுங்கள். திரையில் டயர் நிறம் மாறத் தொடங்கியதும் அடுத்த சுற்றிலேயே உள்ளே போய்விடுங்கள், இன்னும் ஒன்று ஓட்டிவிடலாம் என்று ஆசைப்பட வேண்டாம்.

நான்கு சக்கர இயக்கமுள்ள கார் இதற்கு வசதி, டயர் தேய்ந்த பிறகும் வளைவிலிருந்து நேராகக் கிளம்பும். கடைசி கியர் விகிதத்தை அந்த நீண்ட நேர்பாதைக்குத் தகுந்தபடி தளர்த்திவிடுங்கள், என்ஜின் உச்சத்தில் கதறிக்கொண்டு நிற்கக் கூடாது. முதல் பத்துச் சுற்றுகளில் யாராவது முந்தினால் போகவிடுங்கள், அவர்களும் பிட்டுக்குள் போய்த்தான் ஆக வேண்டும்.

முடித்ததும் மெமரி கார்டில் சேமித்துவிட்டு, எந்தக் காரில் ஓட்டினீர்கள், எத்தனை முறை டயர் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.